அப்பாவின் நோய்க்கு ஒரு நல்ல பெயர்

மேற்கு தாம்பரம்
18-11-1968

அன்பு மகள் மெட்டில்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு ஒரே வீட்டில் இருக்கிறோம், லீட்ஸ் குளிரில் நீயும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். என்ன இப்படி ஆரம்பிக்கிறாள் என்று பயப்படாதே, அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், என் எதிரே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கிறார். நான்கு நாளாக விடாத மழை, கிணற்றில் கையை விட்டே மொள்ளலாம், எனக்கு இன்னும் எல்லாம் பாதித் தூக்கத்தில் நடப்பது போலவே இருக்கிறது.

போன வாரம் குடலிறக்க ஆபரேஷனுக்காக அப்பாவைப் பட்டணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வேறு என்ன நோய் என்று கேட்டார்கள், டயாபெடிஸ் என்றேன். நீ படித்துப் படித்துச் சொன்ன அந்த இரண்டாவது வார்த்தை வாயில் வரவில்லை, முதல் பாதியைச் சொன்னால் மீதி அவர்களுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான், மெட்டில்டா. அவர்கள் சர்க்கரை வியாதி என்று எழுதிக்கொண்டார்கள். இந்த நோய்க்கு மூக்கில் இழுக்க நீ அனுப்புகிற மருந்துப் பொடி டப்பாவையும், கிறிஸ்தவப் பெரியவருக்கு மூக்குப்பொடிப் பழக்கமா என்று சிரித்துக்கொண்டே நர்ஸ் வாங்கி வைத்துவிட்டாள். மறுநாள் காலை ஆபரேஷன் என்று ராத்திரியே தண்ணீரை நிறுத்தினார்கள், அது மத்தியானம் என்றாகி, சாயங்காலம் என்றாகிவிட்டது. அப்பா தண்ணீர் தண்ணீர் என்று கெஞ்ச, ஆயா சாமுண்டீஸ்வரி, இன்னா பெரியவரே, சக்கரய வெச்சிகினு இவ்ளோ தண்ணி கேக்குறே, சும்மா கெட என்றாள். நல்லவள்தான், அவளுக்கு என்ன தெரியும். மூன்று மணிக்கு அவர் என்னைப் பார்த்து, டீச்சரம்மா, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

சர்க்கரை இல்லை, இது வேறு என்று கத்தினேன், வேறென்றால் என்ன பெயர் என்று கேட்டார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெயர் உன் பழைய கடிதத்தில் இருந்தது, கடிதம் வீட்டுப் பெட்டியில் இருந்தது. மின்சார ரயிலில் ஓடி வந்தேன். பல்லாவரம் தாண்டும்போது ஏரி தளும்பி, மழைக்கும் அதற்கும் நடுவில் கரையே தெரியவில்லை. ஊரெல்லாம் இவ்வளவு தண்ணீர் இருந்தும் அவருக்கு ஒரு வாய் இல்லையே என்று அழுதேன். திரும்பிப் போய் வார்டின் சின்ன டாக்டர் வில்பிரட் கையில் கடிதத்தைக் கொடுத்தேன், டயாபெடிஸ் இன்சிபிடஸ், குடித்ததெல்லாம் சிறுநீராகவே போய்விடும், தண்ணீரை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் அந்தப் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. உடனே நரம்பில் நீர் ஏற்றி, டப்பாவையும் தேடி எடுத்து வந்தார்கள். விடிந்ததும் அப்பா, தபீதா, ஏன் சேலையெல்லாம் நனைந்திருக்கிறது என்று கேட்டார். ஆபரேஷனை ஜனவரிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அன்று கண்டதை அப்பா நேற்றுத்தான் சொன்னார். பல்லாவரம் ஏரி வார்டுக்குள் வந்துவிட்டதாம், கட்டில்களெல்லாம் மெல்ல மிதந்தனவாம், ஆயா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் நடந்தாளாம். நான் கரையில் நிறைசொம்போடு நின்றேனாம், கொடுக்கவில்லையாம். கோபம் வரவில்லை, ஏன் கொடுக்கமாட்டேன் என்கிறாள் என்று மட்டும் யோசித்தேன் என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது அப்பா, பழைய டிராயிங் மாஸ்டர் அல்லவா, அழகான எழுத்தில் ஓர் அட்டை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். மேலே தாக வியாதி, கீழே சர்க்கரை இல்லை, தண்ணீர் கொடுக்கவும். டாக்டர் வில்பிரட் பார்த்துவிட்டு, புத்தகத்தில் உள்ள பெயரைத்தான் நான் எழுத முடியும், ஆனால் ஜனவரியில் இந்த அட்டையைக் கட்டிலில் நானே கட்டுவேன் என்றார். நோய்க்குப் பெயர் வைத்த பெரியவர்கள் உங்கள் பக்கத்து ஆட்கள்தானே. நீ வேலை செய்கிற ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் என் பேரைச் சொல்லியே கேள். இரண்டு நோய்க்கும் ஒரே முன்பெயர் வேண்டாம், என்னைப் போன்றவள் அவசரத்தில் பாதி சொன்னாலும் தண்ணீர் கிடைக்கிற மாதிரி ஒரு பெயர் வைக்கட்டும். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், நீ கேள்.

பொடி இரண்டு டப்பாதான் மீதி, கிறிஸ்துமஸுக்குள் அனுப்பு. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இதை எழுதுவதற்குள் அப்பா இரண்டு சொம்பு காலி செய்துவிட்டார், மூன்றாவது கேட்கிறார். மொண்டு கொடுத்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

கொடுத்துவிட்டேன்.

உன் அம்மா,
தபீதாள்