கழற்றி வைத்த முட்டு

என் கட்டெறும்புக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம் என்று தொடங்கித்தான் எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம், கை தானாக அப்படியே போகிறது, இந்த முறையும் அதையே எழுதிவிட்டேன், எது எவ்வளவு நலம் என்பதைப் போகப் போக நீயே தெரிந்துகொள். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். அங்கே குளிர் தாங்க முடியவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம், காதை மூடிக்கொண்டு வெளியே போ, சின்ன வயதிலிருந்தே உனக்குச் சளி காதில்தான் முதலில் பிடிக்கும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய், அதனால்தான். இதை நான் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டும், நீ குறுக்கே வரக் கூடாது.

அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து வீட்டில் உள்ள தூசி முழுவதும் அவள் கண்ணுக்குத் தெரிகிறது, எனக்குத்தான் நிம்மதி போயிற்று. பட்டறைக் கூரையில் ஓட்டை விழுந்த தகரங்களை மாற்றியாயிற்று. பல் டாக்டருடைய படகு இன்னும் உள்ளேதான் நிற்கிறது. அறுபது வருஷத்துக்கு முன்னால் கட்டிய தேக்குப் படகு, யாருடைய கிடங்கிலோ பழைய மேஜை நாற்காலிகளுக்கு அடியில் பதினெட்டு வருஷம் கிடந்ததைத் தேடிப் பிடித்து நம்மிடம் கொண்டுவந்தார் என்று எழுதியிருந்தேனே, அதுதான். வரும்போதெல்லாம் ஒவ்வொரு பலகையாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, இது ஆடுது, இதை எடுத்துடலாம், இது இன்னும் பத்து வருஷம் தாங்கும் என்பார். நல்லா வாயைத் திறங்க என்று மட்டும்தான் படகைப் பார்த்துச் சொல்லவில்லை. பதினோரு பலகைகளை மாற்றினோம், உள்ளே விலா எலும்பு மாதிரி வளைந்திருக்கும் சட்டங்களில் நான்கை மாற்றினோம். சட்டம் வளைக்கிற வேலை எல்லாம் சித்தப்பாதான். ஆவியில் வேகவைத்த கட்டையைச் சூடு ஆறுவதற்குள் வளைத்துப் பொருத்திவிட வேண்டும், அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெயிண்டும் வார்னிஷும் என் பங்கு. நான் பெயிண்ட் அடித்த படகில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று பட்டறையில் எனக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் சித்தப்பாவுக்கு வலது கையில் மூன்று விரல்கள் போனதற்கு அவன் கால்தான் காரணம், ஏணியில் ஏறும்போது கால் பட்டு முட்டு விழுந்துவிட்டது என்று உனக்குச் சொன்னோம். முட்டு விழவில்லை. நான்தான் அதைக் கழற்றி வைத்திருந்தேன்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். கரையேற்றிய படகு அடிக்கட்டையின் மேல் நிற்கும், ஆனால் சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் நான்கு நான்கு கட்டைகளை முட்டுக் கொடுத்திருப்போம். அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்கும்போது முட்டு தொடுகிற இடத்தில் மட்டும் ஒரு தட்டு அளவுக்கு அடிக்க முடியாமல் வெற்று மரம் நிற்கும். அதற்கு வழி என்னவென்றால் பக்கத்தில் இன்னொரு முட்டுக்கட்டையை இறுக்கமாக வைத்துவிட்டு, பிறகு பழையதைக் கழற்றி, அந்த இடத்தில் அடிக்க வேண்டும். புதியதை வைக்காமல் பழையதைத் தொடக் கூடாது, அதைவிடப் பெரிய விதி எங்கள் வேலையில் இல்லை. அன்றைக்கு உபரி முட்டு பட்டறையின் அந்தக் கோடியில் வேறு படகுக்கு அடியில் இருந்தது. மற்ற ஏழும் இருக்கின்றன, யாரும் ஏறாதவரை நிற்கும் என்று நான் பின்பக்க முட்டுக்கட்டையைக் கழற்றித் தரையில் கிடத்திவிட்டு அடித்தேன். அடித்து முடித்ததும் திருப்பி வைத்திருக்கலாம். ஈரப் பெயிண்டில் முட்டுக்கட்டையை வைத்தால் தடம் விழும். அந்தத் தடம் விழக் கூடாது என்று, ஒரு மணி நேரம் காயட்டும் என்று விட்டுவிட்டு, பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே பிரஷ் கழுவப் போனேன். சித்தப்பா மர அறுவை மில்லுக்குப் போயிருந்தான், மாலை வரை வர மாட்டான் என்பது என் கணக்கு. மில் பூட்டியிருந்ததால் பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டான். வந்தவன் நேராக அந்தப் பக்கமே ஏணியைச் சாத்தி ஏறியிருக்கிறான். படகு ஒரு சாண்தான் சாய்ந்தது, கூரைத் தூண் தடுத்துவிட்டது, ஆனால் விழாமல் இருக்க அவன் அந்தத் தூணைத்தான் பிடித்திருந்தான், விரல்கள் நடுவில் அகப்பட்டுவிட்டன.

நான் ஓடி வந்தபோது அவன் கீழே உட்கார்ந்து கையைச் சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்தான். பக்கத்தில் நான் கிடத்திய முட்டு. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் கால் தட்டிடுச்சுண்ணா, பார்க்காம வந்துட்டேன் என்றான். அவன் கையைப் பார்ப்பேனா, பேசிக்கொண்டிருப்பேனா என்றுதான் அப்போது இருந்தது, அதனால் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சித்தியிடமும் அவன் அதையே சொன்னான், நான் அங்கேயும் நின்றுகொண்டுதான் இருந்தேன். பிறகு அவன் மகளிடம் சொன்னான், பல் டாக்டரிடம் சொன்னான், உன் அம்மா உன்னிடம் சொன்னாள். முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். நாள் ஆக ஆக அந்த வாக்கியம் நீண்டுகொண்டே போயிற்று.

குற்ற உணர்ச்சியில் நான் துடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதே. அப்படி ஒன்றும் இல்லை, அதையும் உள்ளபடியே சொல்கிறேன். நன்றாகச் சாப்பிட்டேன், படுத்தால் தூங்கினேன், காலையில் எழுந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் கன்னம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, தொட்டால் தொடுவது தெரிந்தது, என்னுடையது என்று தோன்றவில்லை. அம்மாகூட, என்ன நீங்க, சொன்ன சொல்லுக்குச் சிரிக்கவும் மாட்டேங்கிறீங்க கோவப்படவும் மாட்டேங்கிறீங்க என்று இரண்டு முறை கேட்டாள். வயசாகுதில்ல என்றேன்.

விரல் போனதை சித்தப்பா ஒருமாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டான், இடது கையால் உளி பிடிக்கப் பழகுகிறான், கோணல்மாணலாகக் கையெழுத்தும் போடுகிறான். அவன் ஏற்றுக்கொள்ளாதது தன் காலை. முப்பது வருஷமாக ஒரு முழ அகலச் சாரத்தில் பேசிக்கொண்டே நடந்தவன், அதற்குப் பிறகு வீட்டில் மூன்று படி இறங்கவே சுவரைத் தடவினான். ஏணியைப் பார்த்தால் முகம் வெளுத்துப்போகும். நரம்பு டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார், டாக்டருக்கு என்ன தெரியும், என் காலு என் பேச்சைக் கேக்கலை, அது எனக்குத்தான் தெரியும் என்றான். மகள் எட்டு மாதக் குழந்தையுடன் வந்து பத்து நாளாகிறது, முதல் ஒரு வாரம் அவன் பேத்தியைத் தூக்கவே இல்லை. ஒரு நிமிஷம் பிடிங்கப்பா, துணியை உலர்த்திட்டு வந்துடறேன் என்று அவள் நீட்டினாள், அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னை நம்பிப் பச்சைப் பிள்ளையைக் குடுக்காதே என்று நகர்ந்துவிட்டான். அவள் முதலில் சிரித்தாள், அவன் விளையாடவில்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் நீ போன் செய்தாய். கண்ணு மண்ணு தெரியாம ஏற வேண்டியது, அப்புறம் வீட்டையே அழ வைக்க வேண்டியது, இந்த வயசுல இதெல்லாம் தேவையா, இனி பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்று அவனைப் பிடிபிடியென்று பிடித்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை, அவன் மேல் உனக்கு உள்ள பாசம்தான் அப்படிப் பேசியது, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததிலிருந்து உனக்கு எல்லாமே சித்தப்பாதானே. போன் மேஜை மேல் இருந்தது, எல்லாருக்கும் கேட்டது. அவன், நீ சொல்றது சரிதாம்மா, இனிமே போகலை என்றான். சின்னப் பிள்ளை மாதிரி தலையையும் ஆட்டினான், அதை நீ பார்த்திருக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். சித்தியும் மகளும் சமையலறையில் இருந்தார்கள், குழந்தை கூடத்தில் பாயில் கிடந்தது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் பேப்பரில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். முட்டுக்கட்டையை நான்தான் கழற்றினேன், பெயிண்ட் காயட்டும்னு வைக்கலை, உன் கால் எதையும் தட்டலை, முதல் நாளே எனக்குத் தெரியும் என்றேன். இவ்வளவுதான் சொல்ல முடிந்தது, மன்னிப்புக் கேட்க எண்ணியிருந்தேன், அது வரவில்லை. அவன் பேனாவை மூடினான், ஒரு கையால் மூட முடியாமல் பல்லால் கடித்து மூடினான். பிறகு, மூணு மாசமா என் காலைத் திட்டிக்கிட்டு இருக்கேண்ணா என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம், அடித்திருக்கலாம், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். சித்தி சமையலறை வாசலில் வந்து நின்றாள், எல்லாம் கேட்டிருக்கிறது.

அவன் குனிந்து குழந்தையைப் பார்த்தான். இடது கையை அடியில் கொடுத்து, வலது கையின் மிச்சத்தை முதுகில் அணைத்து, மெதுவாகத் தூக்கினான். அவன் மகள் ஓடி வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். அவன் என்னைத் தாண்டி நடந்து, சுவரைத் தொடாமல் மூன்று படியும் இறங்கி, வெயில் படாத பக்கமாகத் தெருவில் போனான். தெருக்கோடி வரைக்கும் நடந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு முழங்கால் இரண்டும் நடுங்க ஆரம்பித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் என் உடம்பில் எனக்குத் தெரிந்த முதல் சங்கதி அதுதான். சந்தோஷமா வெட்கமா என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

இன்று புதன்கிழமை. அவன் பட்டறைக்கு வரவில்லை, என்னோடு பேசவும் இல்லை. வருவானா தெரியாது, வராவிட்டாலும் நியாயம்தான். பல் டாக்டரிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் இதுவரை எழுதியதைப் படிக்கக் கொடுத்தேன், படித்துவிட்டுப் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள், பிறகு, தபால் கட்டுறதுக்குள்ள போட்டுட்டு வாங்க என்றாள். உனக்கும் என் மேல் கோபம் வரும், வரட்டும், அடக்க வேண்டாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள். பெருமையான வேலை செய்கிறாய், நாலு பேரை வைத்து நடத்துகிறாய், உன் தப்பை இன்னொருத்தர் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டால் அந்த நிமிஷமே வாயைத் திறந்துவிடு. நல்ல சமயம் வரட்டும் என்று என்னைப் போல இருந்துவிடாதே.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டு நீண்ட நாள் வாழ வேண்டும், அப்பா அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. காதை மூட மறக்காதே. கடிதம் கிடைத்ததும் சித்தப்பாவுக்குப் போன் செய். அன்றைக்குத் திட்டியதெல்லாம் எனக்கு வர வேண்டியது, அதை அவனிடமிருந்து திருப்பி வாங்கிக்கொள். எனக்காக ஒரு வார்த்தையும் பேசாதே, அண்ணனை மன்னிச்சுடுங்க என்று ஆரம்பிக்காதே. இப்போ எப்படி நடக்கறீங்க சித்தப்பா என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
சொல்ல மூன்று மாதம் எடுத்துக்கொண்ட
உன் அப்பா