இரண்டு பேர் தூக்கும் தொலைநோக்கி

அக்டோபர் 30, புதன்
வானியல் சங்கம் குளிர்காலம் முழுவதற்கும் எனக்கு ஒரு தொலைநோக்கியை இரவல் தருகிறது. இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆறு அங்குலக் கண்ணாடி உள்ள சின்னது எங்கள் பால்கனியில் நிற்கும். எவரையும் கேட்கத் தேவையில்லை. பன்னிரண்டு அங்குலத்துக்குத் தூக்க இரண்டு பேர், கொண்டுபோக வாகனம்.
கேட்பது — அதுதானே எனக்கு வராது. வகுப்பில் எழுந்து பேசப் பயந்துதான் பள்ளிக்கூடத்தையே விட்டேன்.

நவம்பர் 1, வெள்ளி
ஆறு அங்குலம். முடிவு.

நவம்பர் 2, சனி
சங்கத்தின் முற்றத்தில் இரண்டிலும் அந்திரொமேடா விண்மீன் பேரடையைப் பார்த்தேன். சின்னதில் சாம்பல் பூச்சு. பெரியதில் பெரிய சாம்பல் பூச்சு. பெரிய கண்ணாடி எங்கள் ஊஸ்டர் நகரத்துத் தெருவிளக்கு வெளிச்சத்தையும் சேர்த்து அள்ளுமாம். இருட்டுக்குக் கொண்டுபோனால்தான் வித்தியாசம் தெரியும் என்றார் சங்கத்துப் பெண்மணி.
யார் கொண்டுபோவது?

நவம்பர் 5, செவ்வாய்
ஐயோ, கேட்டுவிட்டேன்! நான் வேலை செய்யும் கடையில் அரிசி மூட்டை இறக்கும்போது, மூட்டையைப் பார்த்துக்கொண்டே முதலாளி யோகராஜா அண்ணையிடம்.
“அண்ணை, கடை வான் வண்டியில ஒரு சாமான் ஏத்தலாமோ?”
பன்னிரண்டு அங்குலத்தின் படத்தைக் காட்டினேன்.
“எடி பிள்ளை, உது குண்டடிக்கிற மோட்டர் மாதிரியெல்லே கிடக்கு! உதுக்குப் பயந்துதான் இஞ்ச ஓடி வந்தனான்.” சிரித்தார். “எங்க கொண்டுபோகோணும்?”
மலைப் பக்கம் கையைக் காட்டினேன்.
“ஓம், போவம்.”

நவம்பர் 30, சனி
மூன்று கிழமையாக ஊரைப் பனிமூட்டம் மூடிக் கிடக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு அங்குலத்தை ஏற்றிக்கொண்டு அண்ணையின் வான் வண்டியில் மலை ஏறினோம். ஒரு வளைவில் மூட்டம் கீழே போய்விட்டது. நகர வெளிச்சமெல்லாம் அதற்குள் அமுங்கிக் கிடக்க, மேலே கறுப்பு வானம்.
அதே அந்திரொமேடா. நடுவில் மஞ்சள் ஒளி, ஓரத்தில் கரிக்கோடு கீறினது போல் ஒரு இருட்டு. விலகி அண்ணைக்கு இடம் விட்டேன்.
அண்ணை கண் வைக்கும் இடத்தைக் குழாயின் அடியில் குனிந்து தேடினார்.
“அண்ணை, மேல, பக்கத்தில பாக்கோணும்!”
பார்த்தார். “உது எவ்வளவு தூரம்?”
“இருபத்தைஞ்சு லட்சம் ஒளியாண்டு.”
“விசா கேப்பாங்களோ?”
இறங்கும் வழி முழுக்க நான்தான் கதைத்தேன்.

டிசம்பர் 28, சனி
அண்ணைக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஓட்டுவாராம், தூக்கமாட்டாராம். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த சரணியாவுக்குப் போன் எடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டபின் முதல் தடவை.
“உயிரோடதான் இருக்கிறியோ?” என்றாள்.
ஐந்தரைக்கு வருகிறாள். தடித்த சப்பாத்துப் போட்டு வரச் சொன்னேன்.