பாவா கழற்றப் பார்த்த பம்பு

ஞாயிறு, படுக்கப் போகும்முன்

இன்று நான் ஜெயித்தேன். காலையில் அக்கா குடும்பமே மலைக்கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனத்தோடு நேராக வந்து எங்கள் வீட்டு நீச்சல் குளத்தில் குதித்தது. மதியத்துக்குள் தண்ணீர் கலங்கிவிட்டது. பம்பு உறுமியது, ஆனால் குளத்துக்குத் திரும்பும் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது.

அக்கா வீட்டுக்காரர் ஸ்பேனரோடு வந்து நின்றார். “மோட்டார் பூட்ச்சி. கழட்டி அரக்கோணம் எடுத்துகினு போய் புதுசா காயில் கம்பி கட்டணும்.”

“இருங்க பாவா, மொதல்ல வடிகட்டியப் பாக்கலாம்.”

“உனுக்கு இன்னா தெரியும் இதுல?”

எனக்குச் சுருக்கென்றது. பம்பை நிறுத்தி, வால்வை மூடி, வடிகட்டியின் மூடியைத் திறந்தேன். உள்ளே கூடை முழுக்க மஞ்சள் சேறு. மோந்து பார்த்தேன். சந்தனம்! கூடையை அலசி மாட்டி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மூடினேன். வால்வைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். இரண்டு முறை செருமிவிட்டுக் குழாய் பீய்ச்சி அடித்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

பாவா குழாயடிக்குப் போய், தன் மொட்டைத் தலையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மறுபடி குளத்தில் இறங்கினார்.