வட்ட ஜன்னலில் போட்ட பெருக்கல் குறி

ஜூன் 8, ஞாயிறு. இரவு.

நாளைக் காலை வீட்டு முகப்பை இடிக்க ஆட்கள் வருகிறார்கள். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள், அதனால்தான்.

வட்ட ஜன்னல், ரோஸ் நிறத் தூண்கள், படிப்படியாக ஏறி இறங்கும் மாடிச் சுவர் எல்லாம் இறந்துபோன பெரியப்பா ஆசையாகக் கட்டியது. எங்கள் ஊர் பாகூரில் இப்படி வேறு வீடு கிடையாது. சாயங்கால வெயிலில் அந்த ஜன்னலின் பச்சைக் கண்ணாடி, மொசைக் தரையையே பச்சையாக்கிவிடும். அங்கே உட்கார்ந்துதான் படிப்பேன்.

இடிக்க வேண்டிய இடங்களில் மேஸ்திரி இன்று சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார்.

"இன்னாபா இது, வூடா, பர்த்டே கேக்கா?" என்றார்.

அப்பாவும் சிரித்தார். "ஒடச்சுப் போடு மேஸ்திரி."

குறி இல்லாததை ஆட்கள் தொடமாட்டார்கள். எல்லோரும் படுத்ததும் ஜன்னல் பக்கத்துக் குறியைப் பாவாடையால் துடைத்தேன். தூண்களில் உயரத்தில் இருந்தது, எட்டவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்.

இதுவரை எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். வாசலை எட்டிப் பார்த்தால், தூண்களிலும் குறி இல்லை. கொடியில் அப்பாவின் நீலத் துண்டு முழுக்கச் சாக்பீஸ் தூள்.

சத்தம் வராமல் அதை உதறி, மறுபடியும் கொடியில் போட்டேன்.