மேனேஜர் உட்கார்ந்த முன்சீட்டு

19-9-87, சனி

சாலை மறியல் தொடங்கினதிலிருந்து டெப்போவில் ஒருத்தரும் பஸ்ஸை எடுக்க மாட்டேன் என்றார்கள். மேனேஜர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். நேற்று உளுந்தூர்பேட்டை போகும் முதல் வண்டியில் என் பக்கத்து முன்சீட்டில் அவரே உட்கார்ந்துகொண்டார். "சாரே வர்றாரு, நமக்கு இன்னா பயம்" என்று கண்டக்டர் ஆறுமுகம் விசில் ஊதினான். நானும் நம்பித்தான் ஓட்டினேன்.

இன்றைக்கு வழியில் தியாகதுருகத்திலேயே இறங்கிவிட்டார். "ஒரு போன் பண்ணணும். ரோடு கிளியர்தான், நீங்க போய்க்கினே இருங்க" என்றார். கிளம்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். டீக்கடைக்குப் பின்னால் டெப்போ ஜீப் நின்றது. அது எப்படி முன்னாடியே வந்தது? அப்போதே பிரேக்கை மிதித்திருக்க வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே மறியல்காரர்கள் வெட்டிப்போட்ட புளியமரம். முதல் கல்லே ஆறுமுகத்தின் கண்ணில் பட்டது. அந்தக் கண் இனி தேறாது என்கிறார் டாக்டர்.

சாயங்காலம் மேனேஜர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஆறுமுகத்தின் பொண்டாட்டி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க கூட இருந்ததாலதான் சார் உசுராவது மிஞ்சிச்சி."

அவர் மறுக்கவில்லை. என்னைப் பார்த்தார். ஒத்தைக் கண்ணோடு வருகிறவனுக்கு வேலை உண்டா இல்லையா என்று எழுதப்போகிறவரும் அவர்தான். வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார். "நாளைக்கும் முதல் வண்டிய நீயே எடுய்யா. நான் முன்சீட்டுல வர்றேன்."

சரிங்க சார் என்றேன். வேற இன்னா சொல்றது.