கழற்றிய பின்னும் அசையாத எண்

வெள்ளி, இரவு.

கட்டுமாவடிப் பண்ணையில் இறால் குட்டைகளின் ஆக்சிஜனை அளந்து, குறைந்தால் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓட்டுவது நான் செய்த கருவிதான். இன்று சாயங்காலம் கழுவுவதற்காக இரண்டாம் குட்டையின் சென்சார் வயரைக் கழற்றினேன். திரையில் எண் அசையவில்லை. வயர் முன்பே உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. அதிலிருந்து ஒன்றும் வராததால், கருவியின் போர்டு பக்கத்து இணைப்பு முனையில் வரும் முதல் குட்டையின் அளவையே இதற்கும் காட்டியிருக்கிறது.

பண்ணைக்காரர் செல்வம் அண்ணனிடம் சொன்னேன். "இன்னைக்கு விடியக்காலையில ரெண்டாங் குட்டையில இறாலு மேல வந்து தத்தளிச்சுச்சு தம்பி. மிசினு நல்லாருக்குன்னு காட்டுச்சு, அதான் நானா ஏரேட்டரப் போடாம விட்டுட்டேன்" என்றார்.

ஏரேட்டரை விடிய விடிய ஓட்டச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் மச்சானின் பண்ணையிலும் இதே போர்டுதான். மச்சானைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், போனை அணைத்திருக்கிறார். என் கருவியை நம்பித்தான் தூங்குவார்.