கடைசியாக நடந்த மச்சாளுக்கு

உம்முடைய நீல வாயில் சேலையை வெட்டிவிட்டேன், மச்சாள். மிச்சத் துண்டு என் மடியில் கிடக்கிறது. அதன் மேல் கொப்பியை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பூச்சி உருண்டை மணத்துக்குள்ளே உம்முடைய சந்தனச் சவுக்கார மணம் இன்னும் போகாமல் நிற்கிறது. அது மூக்கில் பட்டதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை.

துளசிக்காகத்தான் வெட்டினேன். என் பேத்தி தலையில் மாட்டிக்கொண்டு விளையாடுகிற ஹெட்செட்டின் பஞ்சு உரிந்து, காதெல்லாம் கறுப்புக் கறுப்பாக ஒட்டுகிறது. "மெல்லிய சீலையிலை உறை தைச்சுத் தாங்கோ அம்மம்மா" என்றாள் போன கிழமை. மெல்லிய சீலை என்றால் இந்த வீட்டில் உம்முடையதுதான்.

அவள் விளையாடுவது சண்டை விளையாட்டு. நீர் இருந்திருந்தால் அந்தக் கொம்பியூட்டரைக் கிணற்றில் போட்டிருப்பீரோ என்னவோ. முதல் நாள் ஸ்பீக்கரில் வெடிச்சத்தம் கேட்டவுடன் ஓடிப்போய் அவளைக் கையில் பிடித்து மேசைக்குக் கீழே இழுத்தவள் நான். "அம்மா, உது விளையாட்டு" என்று என் மகள் சிரித்தாள். "விளையாட எத்தினை கிடக்கு, உதுதானோ கிடைச்சுது?" என்று கேட்டேன். இன்றுவரை பழகவில்லை. அது தொடங்கினால் கிணற்றடிக்குப் போவேன், அடுப்பைப் பார்ப்பேன், திரும்ப வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஆனால் பார்த்துப் பார்த்து எனக்கும் விளங்கிவிட்டது. ஐந்து பேர், ஐந்து வீடுகளில் இருந்துகொண்டு ஒரு டீமாக விளையாடுகிறார்கள். சும்மா ஓடிப்போய்ச் சுடுவது அல்ல. இரண்டு பேர் ஓடினால், மற்றவர்கள் நின்று அவர்களுக்காகப் பார்க்க வேண்டும். ஓடினவர்கள் சுவர் மறைவில் போய் நின்ற பிறகுதான் நின்றவர்கள் ஓடலாம். பேச்சும் அளந்துதான்: "இடப்பக்கம், மேல்மாடி யன்னல், ஒருத்தன்." அவ்வளவே. ஒருவன் விழுந்தாலும் உடனே போய்த் தூக்கக் கூடாது. வெடி எங்கேயிருந்து வந்தது என்று பார்த்து, புகைக்குண்டு எறிந்து, அந்த மறைப்பில்தான் போக வேண்டும். நான்கு பெடியளுக்கு நடுவில் எங்கள் துளசி ஒருத்திதான் பெண்பிள்ளை. இதைப் புத்தூர்ச் சந்தையில் நான் சொல்லாத ஆள் இல்லை.

உறை தைக்க ஹெட்செட்டை அவளிடமிருந்து நான் வாங்கி வைத்திருந்ததால் அன்றைக்குக் குரல்களெல்லாம் ஸ்பீக்கரில் வந்தன. நெல்லியடிப் பெடியன் அனோஜன்தான் அவர்களுடைய தலைவன். அவனுடைய குரல் கடுகடுவென்று இருந்தது.

"துளசி, எங்கை நிக்கிறாய்? நாங்கள் வீட்டுக்குள்ளை வந்திட்டம், நீ இன்னும் மதிலடியிலை."

"பின்னுக்குப் பாக்கிறன் அண்ணை."

"எந்த நாளும் உதைத்தான் சொல்லுறாய். இண்டைக்கு எத்தினை பேரைச் சுட்டனி?"

"ஒருத்தரையும் இல்லை."

"அவ மதிலுக்குக் காவல் மச்சான். மாங்காய்க் கள்ளர் வருவினமெல்லே!" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

"பின்னுக்கு ஒருத்தரும் இல்லைப் பிள்ளை" என்றான் அனோஜன்.

"நான் பாக்கிறபடியாத்தான் இல்லை."

என் கையில் ஊசி நின்றுவிட்டது, மச்சாள்.

அனோஜன் விடவில்லை. "இஞ்சை பார், சனிக்கிழமைப் போட்டிக்கு உன்ரை இடத்திலை வேறை ஆளைப் போடப் போறன். ஓடுற ஆள்தான் எங்களுக்கு வேணும்." அந்தப் போட்டிக்காகத் துளசி எத்தனை பின்னேரங்கள் பயிற்சி செய்தாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய முகத்தைப் பார்க்கத்தான் நினைத்தேன், ஆனால் என் கண்ணுக்கு முன்னால் மழைச்சேறு பிடித்த அந்த மீசாலை வீதி வந்து நின்றது.

சண்டைக்குப் பயந்து ஊரோடு இடம்பெயர்ந்து போன அன்று மூட்டையோடு சைக்கிளை உருட்டினவள் நான். துளசியின் தாய் அப்போது சின்னப்பிள்ளை, சைக்கிள் பாரில் இருந்தாள். மூத்தவன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். நீர் எங்கள் எல்லோருக்கும் பின்னால். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, சில இடங்களில் பின்பக்கமாகவே நடந்து வந்தீர். விட்டுவந்த வீட்டைப் பார்க்கிறீர் என்றுதான் நினைத்தேன். எரிச்சல் வந்தது.

"என்ன மச்சாள், தேர் பாத்துக்கொண்டே வாறீர்? கெதியா நடவும்!"

"நீர் போம். நான் வாறன்."

ஆனால் "பிள்ளையளைப் படுக்க விடும்!" என்று நீர் கத்தினதெல்லாம், எங்கள் காதில் ஒன்றும் விழ முன்னம்தான். வாய்க்காலுக்குள் விழுந்து கிடப்போம், பிறகுதான் ஹெலிகொப்டரின் சத்தம் வரும். உமக்கு நாய்க்காது என்று பிறகு எத்தனை பகிடி பண்ணினோம். காது இல்லை, கண். ஹெலிகொப்டர் கிளம்புகிற பலாலி ஆமி முகாம் எங்கள் முதுகுப் பக்கம் அல்லவா இருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தது நீர் ஒருவர்தான். அது தெரியாமல் உம்முடைய செத்தவீட்டில்கூட, "வீட்டைப் பாத்துப் பாத்து நடந்த மனுசி" என்று வந்த சனத்துக்குக் கதை சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"சரி அண்ணை, நானும் முன்னுக்கு வாறன்" என்று துளசி சொன்னது அப்போதுதான் கேட்டது. வேண்டாம் என்று நான் எழும்பினேன். அவள் என்னைப் பார்த்து, பேசாமல் இருங்கோ என்று கண்ணைக் காட்டினாள். மதிலை விட்டு ஓடி, வீட்டுக்குள் மற்றவர்களோடு போய் நின்றாள். கொஞ்ச நேரம்தான். படபடவென்று வெடி. ஐந்து பேரும் நிலத்தில்.

"எங்காலை வந்தவங்கள்?" என்று அனோஜன் கத்தினான்.

"மதிலடியாலை" என்றாள் துளசி.

"நீ எங்கை நிண்டனி?"

"நீங்கள் சொன்ன இடத்திலை."

பிறகு மாங்காய்க் கள்ளர் பகிடி விட்டவன்தான், "அண்ணை, அவ மதிலடியிலையே நிக்கட்டும்" என்றான். "ஓம், ஓம், நில்" என்றான் அனோஜன், கோபம் மாதிரி.

துளசிக்கு அவளுடைய இடம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அதற்குப் பிறகு அமைதி இல்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலை வாசல் பக்கம் திருப்பச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றீர். கனடாவிலிருந்து மகன் வருவான் என்று பார்க்கிறா என்று நான் தாதிக்குச் சொன்னேன். உமக்கு முன்னால் கதிரையில் நான் இருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் வாசல். மகனைத்தான் பார்த்தீரோ, மச்சாள்? அல்லது அந்த நேரத்திலும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தீரோ? உம்மைத் தவிர இதை வேறு ஆரிடம் கேட்க?

சனிக்கிழமைப் போட்டிக்கு நானும் யாழ்ப்பாணம் போனேன். உம்முடைய சேலைத்துண்டு உறையைக் காதில் போட்டுக்கொண்டு துளசி விளையாடினாள். இரண்டாவது ஆட்டத்தில் தோற்றுப்போனார்கள். ஆனால் ஒரு பெடியனும் முதுகில் வெடி வாங்கவில்லை. இதைப் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

போட்டி முடிந்து பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது நான்தான் கடைசி. என்னை அறியாமல் பின்தங்கிவிட்டேன்.

"அம்மா, கெதியா வாங்கோ, பஸ் போகப்போகுது!" என்றாள் மகள்.

"நீங்கள் போங்கோ. நான் வாறன்."

துளசி ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மம்மா பின்னுக்குப் பாக்கிறா அம்மா. விடுங்கோ" என்றாள்.

பின்னால் ஒரு ஓட்டோவும், குடை பிடித்துக்கொண்டு இரண்டு பெண்களும். வேறு ஒன்றும் இல்லை. என்றாலும் திரும்பாமல் இருக்க என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் கழுத்து நோகிறது, மச்சாள். எண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. உமக்கும் நொந்திருக்கும். நீர் ஒருநாளும் சொல்லவில்லை.